கையிருப்பு கொஞ்சம்தான்: உள்நாட்டிலேயே சுற்றலாமா, வெளிநாடு போகலாமா?

மூட்டைமுடிச்சு:

வணக்கம். பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு எங்காவது போக வேண்டும் என்று ஒரு வருடமாகப் பணம் சேர்த்திருக்கிறோம். நாங்கள் இரண்டு பேர், ஒன்பது வயது மகள், இரண்டு வயதை நெருங்கும் மகன், கூடவே மாமியார். சேர்த்தது அவ்வளவுதான், அதற்கு மேல் போடக் கையில் எதுவும் இல்லை.

வீட்டுக்காரர் உள்நாட்டிலேயே பத்து நாள் நிதானமாகச் சுற்றலாம் என்கிறார். எனக்கோ போன வாரம் கண்ணில் பட்ட சலுகை விலை விமான டிக்கெட் மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. கூட்டிப் பார்த்தால் வெளிநாட்டில் ஆறு நாளுக்கும் உள்நாட்டில் பத்து நாளுக்கும் ஏறக்குறைய ஒரே தொகைதான் வருகிறது. அப்படியென்றால் வெளிநாடே போய்விடலாம் இல்லையா? "அது எப்படிச் சமமாக வரும், எதையோ விட்டிருப்பாய்" என்கிறார் அவர். எதை விட்டேன் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கணக்குப்பிள்ளை:

எல்லாவற்றையும் ஒரே கூட்டலாகப் போட்டால் இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒன்று, வீட்டைப் பூட்டிக் கிளம்புவதற்கு முன்பே கையைவிட்டுப் போகும் பணம்: டிக்கெட், விசா, பாஸ்போர்ட், காப்பீடு. மற்றது, போன இடத்தில் தினமும் ஆகும் செலவு: அறை, சாப்பாடு, போக்குவரத்து, நுழைவுச் சீட்டு.

முதல் வகை ஆள் கணக்கு. இரண்டு நாள் இருந்தாலும் இருபது நாள் இருந்தாலும் அது பெரிதாக மாறாது. வெளிநாட்டுப் பயணத்தில் ஆளைச் சாய்ப்பதே இதுதான். உதாரணத்துக்கு, விசா தேவைப்படும் குடும்பம் ஒன்று ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய நாடுகள்) போவதாக வைத்துக்கொள்வோம். 2024 ஜூனில் கட்டணத்தை ஏற்றிய பிறகு பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே இலவசம். உங்கள் வீட்டில் மூன்று பெரியவர்கள், ஒரு மகள்: 315 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பி வராது. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவைத் தாங்கும் பயணக் காப்பீடு ஒவ்வொருவருக்கும் இருந்தாக வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் முதல் நாள் செலவே தொடங்குகிறது.

அதனால் வெளிநாடு என்றால் நாள் கூடக்கூடத்தான் கட்டுபடியாகும். முன்செலவை ஆறால் வகுப்பதற்கும் இருபதால் வகுப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று போட்டுப் பாருங்கள். அன்றாடச் செலவு குறைவான நாடாகத் தேர்ந்தெடுத்து மூன்று வாரம் தங்கினால், நாள் கணக்கில் உள்நாட்டைவிட மலிவாக முடியவும் வாய்ப்பு உண்டு. ஆறு நாள் என்பதுதான் இரண்டுங்கெட்டான். உள்நாட்டில் இது தலைகீழ். முன்செலவு சொற்பம். நாள்செலவு எகிறலாம், ஆனால் பணம் கரைகிறது என்று தெரிந்தால் எட்டாம் நாளே மூட்டையைக் கட்டிவிடலாம். விமான டிக்கெட்டில் அந்த வசதி கிடையாது.

இன்னொன்று. மகனுக்கு "இரண்டு வயதை நெருங்கும்" என்று போட்டிருக்கிறீர்களே, பிறந்தநாள் எப்போது?

மூட்டைமுடிச்சு:

விடுமுறைக்கு நடுவில். நான் பார்த்த தேதிகளின்படி போகும்போது இரண்டு நிரம்பியிருக்காது, திரும்பும்போது நிரம்பியிருக்கும். அவனுக்கு டிக்கெட் மிகக் குறைவாகத்தான் காட்டியது. ஏன் கேட்கிறீர்கள்?

ஊர்சுற்றி:

அவர் கேட்டதில் விஷயம் இருக்கிறது, நான் சொல்கிறேன். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை மடியில் உட்கார்ந்து போகலாம். பன்னாட்டு விமானங்களில் அதற்குப் பெரியவர் கட்டணத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வாங்குவார்கள், சில மலிவு விலை நிறுவனங்கள் ஒரே தொகையாக வாங்கும். ஆனால் டிக்கெட் வாங்கும் நாளில் என்ன வயது என்பது கணக்கே இல்லை, பறக்கும் நாளில் என்ன வயது என்பதுதான் கணக்கு. அதையும் போகும் விமானம், திரும்பும் விமானம் என்று தனித்தனியாகப் பார்ப்பார்கள். பயணத்துக்கு நடுவில் இரண்டு முடிந்துவிட்டால் திரும்பும்போது உங்கள் மகனுக்குத் தனி இருக்கை, தனிக் கட்டணம். பிறந்தநாளைச் சரியாகக் கொடுத்துத்தான் தேடினீர்களா என்று பாருங்கள். "கைக்குழந்தை 1" என்று மட்டும் தட்டியிருந்தால் திரை காட்டிய தொகை தப்பு. ஒன்று, பிறந்தநாளுக்குள் போய்த் திரும்புங்கள். இல்லையென்றால் ஐந்து இருக்கை என்றே கணக்குப் போடுங்கள்.

பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். பல நாடுகள் உள்ளே நுழையும்போது பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. பெரியவர்களுடையதில் வருடக்கணக்கில் மீதம் இருக்கும், குழந்தையுடையது முன்பே தீர்ந்துவிடும். நிறைய நாடுகளில் பிள்ளைகளுக்குக் கொடுப்பதே ஐந்து வருடப் பாஸ்போர்ட்தான்.

ஆனால் நான் வெளிநாட்டுக் கட்சி, அதையும் சொல்லிவிடுகிறேன். உள்நாடு என்றாலே மலிவு என்று இங்கே எல்லோரும் தலையாட்டப் போகிறீர்கள். பள்ளி விடுமுறையில் நாடே அதே நாலு மலைக்கும் அதே நாலு கடற்கரைக்கும் படையெடுக்கிறது, அறை வாடகை இரண்டு மடங்கு மூன்று மடங்கு ஆகிறது. அதே வாரத்தில் வேறொரு நாட்டில் பள்ளி நடந்துகொண்டிருக்கும், அறைகள் காலியாகக் கிடக்கும். உங்கள் விடுமுறை அவர்களுக்கு விடுமுறை இல்லாத நாடாகப் பாருங்கள். இலவசமாகப் பார்க்கவும் எவ்வளவோ இருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் இலவசம். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் 18 வயதுக்குக் கீழ் எந்த நாட்டுப் பிள்ளையானாலும் இலவசம். லக்சம்பர்க்கில் 2020 முதல் பஸ், டிராம், ரயிலில் இரண்டாம் வகுப்பு எதற்கும் டிக்கெட்டே கிடையாது.

சும்மாஒருவன்:

லக்சம்பர்க்கில் பஸ் இலவசம் என்று ஆசை காட்டிவிட்டு அங்கே அறை வாடகை என்ன என்பதைச் சொல்லாமல் விட்டீர்களே, அங்கேதான் ஊர்சுற்றி நிற்கிறீர்கள் :)

ஊர்சுற்றி:

கேட்கவில்லையே, அதனால் சொல்லவில்லை :) சரி, ஒப்புக்கொள்கிறேன், இலவசங்கள் அதிகம் இருப்பதெல்லாம் அறை வாடகை அதிகமான ஊர்கள். அந்தப் பட்டியலை ஏற்கெனவே போவது என்று முடிவானவர்களுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில்பெட்டி:

ஐந்து பேர் குடும்பத்துக்கு ஒரு விஷயம் போதும், முடிவு கிடைத்துவிடும். விமானத்தில் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். வண்டியில் வண்டிக்கு இவ்வளவு. இரண்டு பேர் போனாலும் ஐந்து பேர் போனாலும் பெட்ரோல் ஏறக்குறைய ஒன்றுதான். சமையலறையோடு வீடு எடுத்தாலும் அப்படித்தான். புதுமணத் தம்பதிக்கு வெளிநாடு கட்டுபடியாகிறது என்றால் அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

சலுகை டிக்கெட் என்று சொன்னீர்கள். அதில் பெட்டி சேர்ந்திருக்கிறதா? நான் வரிசையில் நின்று பார்த்த ஒரு காட்சி: ஏறும் வாசலில் ஓர் இரும்புச் சட்டம், அதற்குள் கைப்பெட்டி நுழைய வேண்டும். எனக்கு முன்னால் நின்றவர் பெட்டியைத் திணிக்கிறார், சக்கரம் மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. அந்த அம்மா பையைத் திறந்து பிள்ளையின் ஸ்வெட்டர் இரண்டை எடுத்து அவன் போட்டிருந்த சட்டைக்கு மேலேயே மாட்டிவிட்டார். பெட்டி ஒல்லியானது, சக்கரம் மட்டும் ஒல்லியாகவில்லை. கடைசியில் வங்கி அட்டையை நீட்டிப் பணம் கட்டித்தான் ஏறினார்கள். பெட்டிக்கு, சேர்ந்து உட்கார, விமானம் ஏறும் அட்டையை விமான நிலையத்தில் அச்சிட என்று ஒவ்வொன்றுக்கும் வாங்கும்போது சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்.

இறங்கும் இடத்தையும் பாருங்கள். பாரிஸ் என்று பெயர் போட்டு விற்கும் போவே விமான நிலையம் நகரத்திலிருந்து ஏறக்குறைய 85 கிலோமீட்டர். பிராங்க்பர்ட் ஹான், பிராங்க்பர்ட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். ஐந்து பேர், நடுராத்திரி, தூங்கும் குழந்தை. அந்தப் பஸ் டிக்கெட் உங்கள் கூட்டலில் இருக்கிறதா?

நுழைவுக் கட்டணமும் சொந்த நாட்டில் ஒரு மாதிரி, வெளியே ஒரு மாதிரி. தாஜ்மகாலில் இந்தியருக்கு 50 ரூபாய், வெளிநாட்டவருக்கு 1,100 ரூபாய். கல்லறை மண்டபத்துக்குள் போக இருவருக்கும் மேலே 200. இப்படி இரட்டை விலை வைத்திருக்கும் இடங்கள் உலகத்தில் நிறைய. சொந்த நாட்டில் சுற்றும்போது நீங்கள் வரிசையின் மலிவான பக்கத்தில் நிற்கிறீர்கள்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் ரயில் பாஸ் எடுத்தால் ஒரு பெரியவரோடு 12 வயதுக்குக் கீழே இரண்டு பிள்ளைகள் பாஸ் கட்டணம் இல்லாமல் போகலாம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது உண்மையிலேயே நல்ல பேரம்.

தென்றல்:

மாமியாரைப் பற்றி யாருமே பேசவில்லை. அவர்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் ஏதாவது இருக்கிறதா? காப்பீட்டுப் படிவத்தில் ஏற்கெனவே உள்ள நோய்களைக் கேட்பார்கள். உள்ளதைச் சொன்னால் தொகை ஏறும். சொல்லாமல் விட்டால் பிரீமியம் குறையும், ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு அந்த நோயைக் காட்டியே பணம் தர மறுப்பார்கள். இணையத்தில் கண்ட மலிவான காப்பீடு பெரும்பாலும் இளவயதுக்காரர் விலை. மாமியாரின் வயதைப் போட்டு ஒரு முறை தேடிப் பாருங்கள், எண் வேறாக வரும்.

நேர வித்தியாசமும் சாதாரணம் இல்லை. ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு உடம்பு சரியாக ஒரு நாள் என்று தோராயமாகச் சொல்வார்கள். கிழக்கே போனால் இன்னும் கஷ்டம். ஐந்தாறு மணி நேரம் தள்ளியிருக்கும் நாட்டுக்கு ஆறு நாள் போனால், குழந்தை ராத்திரி இரண்டு மணிக்கு விளையாடும், பாட்டி மத்தியானம் அருங்காட்சியகப் பெஞ்சில் தூங்குவார்கள். எல்லோருக்கும் உடம்பு பழகும்போது திரும்பும் விமானம்.

அப்படியும் போவதானால் சக்கர நாற்காலிக்கு முன்பே சொல்லிவையுங்கள், கிளம்ப 48 மணி நேரத்துக்கு முன்னாலேயே. பெரும்பாலும் அதற்குக் காசு இல்லை. கேட்பதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு பெரிய விமான நிலையத்தில் வயதானவர்களை நடக்க விடாதீர்கள்.

மூட்டைமுடிச்சு:

அக்கா, அத்தைக்கு இரண்டுமே இருக்கிறது. நான் போட்ட கணக்கில் காப்பீடு என்று ஒரே வரி, ஐந்து பேருக்கும் ஒரே தொகை. மறுபடி போடுகிறேன்.

இளவேனில்:

எல்லோரும் காசையே பேசுகிறீர்கள். ஒன்பது வயது என்பது சரியான வயது. வேற்று மொழிப் பலகை, வேற்று நாணயம், பாஸ்போர்ட்டில் முதல் முத்திரை, இதெல்லாம் அந்த வயதில் பதிந்தால் பதிந்ததுதான். பணம் சேர்ந்த பிறகு போகலாம் என்று தள்ளினால் பெண்ணுக்குப் பதினாலு வயதாகிவிடும், அப்போது நம்மோடு வரவே மனம் இருக்காது. தவணையில் கட்டும் பயணத் திட்டங்கள்கூட இப்போது நிறைய வந்திருக்கின்றன.

கணக்குப்பிள்ளை:

தவணை வேண்டாம் தோழி. ஃபிரிட்ஜைத் தவணையில் வாங்கினால் கட்டி முடிக்கும்வரை வீட்டில் ஃபிரிட்ஜாவது இருக்கும். திரும்பி வந்த பயணத்துக்கு அடுத்த விடுமுறைவரை வட்டி கட்டினால் அடுத்த பயணத்துக்குச் சேர்க்க என்ன மிஞ்சும்?

நினைவு, சந்தோஷம் என்று சொன்னீர்கள். அதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு. விடுமுறைக்குப் போகப் போகிறவர்கள் போவதற்கு முன்னால் மற்றவர்களைவிடச் சந்தோஷமாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு பெரும்பாலானவர்களுக்கு அந்த வித்தியாசம் காணாமல் போயிருந்தது. பயணம் மிக நிம்மதியாக அமைந்தவர்களுக்கு மட்டும் கொஞ்ச நாள் நீடித்தது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: எதிர்பார்த்துக் காத்திருப்பதுதான் பாதி இன்பம் என்றால், ஒரே பெரிய பயணத்தைவிட இரண்டு சின்னப் பயணங்கள் இரண்டு முறை காத்திருக்க வைக்கும். அப்புறம், நிம்மதியில்லாத பயணம் எந்த நாட்டில் நடந்தாலும் பணம் தண்டம்.

இளவேனில்:

தவணை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதை விட்டுவிடுகிறேன். ஆய்வு விஷயத்தில் இல்லை. வளர்ந்தவர்களிடம் கேட்டு எழுதியதை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எப்படிப் பொருத்துவீர்கள்? இரண்டு வார சந்தோஷத்தை அளப்பது வேறு, இருபது வருடம் கழித்து "நான் சின்ன வயதில் அங்கே போயிருக்கிறேன்" என்று சொல்வது வேறு.

கணக்குப்பிள்ளை:

நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

சும்மாஒருவன்:

பிள்ளைகளைக் கேட்டால் நீச்சல் குளம் உள்ள ஹோட்டல் என்பார்கள். அது எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்கமாட்டார்கள்.

சரி, நடுவழி ஏதும் இல்லையா? எல்லையைத் தரைவழியாகத் தாண்டும் பக்கத்து நாடு? விமானச் செலவு மிச்சம், முத்திரையும் விழும்.

ஊர்சுற்றி:

இருக்கிறது, ஆனால் பக்கத்து நாடு என்றாலே மலிவு என்று நினைக்காதீர்கள். பூடான் பெரும்பாலான வெளிநாட்டவரிடம் ஓர் இரவுக்கு ஆளுக்கு 100 டாலர் தனியாக வாங்குகிறது. 6 முதல் 12 வயதுவரை பாதி, 6 வயதுக்குக் கீழே இல்லை. 2022இல் 200 டாலராக இருந்து 2023 செப்டம்பரில் குறைத்தார்கள். இந்தியர்களுக்கு மட்டும் இரவுக்கு 1,200 ரூபாய். ஒரே எல்லை, கையில் இருக்கும் பாஸ்போர்ட்டைப் பொறுத்து வேறு வேறு விலை. எந்த நாடானாலும் முதலில் "எங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன" என்று தேடிவிட்டு அப்புறம் படம் பாருங்கள்.

தங்கும் செலவைக் குறைக்க இன்னும் இரண்டு பழைய வழிகள் உண்டு. வீடு மாற்றிக்கொள்வது: அவர்கள் உங்கள் வீட்டில், நீங்கள் அவர்கள் வீட்டில். இதற்கென்று அமைப்புகள் 1953 முதலே இருக்கின்றன. பிள்ளையுள்ள வீடாகப் பார்த்தால் தொட்டிலும் பொம்மையும்கூட அங்கேயே கிடைக்கும். இன்னொன்று இளையோர் விடுதி. முதல் நிரந்தர விடுதி ஜெர்மனியில் ஆல்டெனா கோட்டையில் 1912இல் தொடங்கியது, இன்று பல விடுதிகளில் குடும்ப அறை தனியாகவே இருக்கிறது. பெயரைப் பார்த்து இளைஞர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ரயில்பெட்டி:

முன்பின் தெரியாதவர்களை வீட்டில் தங்கவைக்க மாமியார் ஒப்புக்கொள்வார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை:

மூட்டைமுடிச்சு மறுகணக்குப் போடுகிறார் என்பதால் இதையும் சேர்த்துவிடுகிறேன். இறுக்கமான தொகையில் போகிறவர்கள் "எவ்வளவு ஆகும்" என்று மட்டும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது "கெட்டது நடந்தால் எவ்வளவு ஆகும்". கிளம்பும் காலையில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று வையுங்கள். உள்நாட்டில் அறையை ரத்து செய்யும் வசதியோடு எடுத்திருந்தால் அடுத்த மாதம் போய்க்கொள்ளலாம், போனால் ஒரு நாள் வாடகை போகும். சலுகை விலைப் பன்னாட்டு டிக்கெட் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. ஐந்து பேருக்கும் அப்படியே முழுகும். ஒரு வருடச் சேமிப்பு. அந்தப் பயணம் அதோடு முடிந்தது.

என் அளவுகோல் இது: மொத்தத் தொகையில் ஏழில் ஒரு பங்கையாவது தொடாமல் வைத்துவிட்டு, மீதியில் வெளிநாடு முடிகிறதா? முடிந்தால் தாராளமாகப் போங்கள். கடைசிக் காசுவரை போட்டால்தான் முடியும் என்றால் அந்தப் பயணத்துக்கு இது நேரம் இல்லை.

சில்லறையாகப் போகும் இடங்களும் உண்டு. அட்டையில் பணம் செலுத்தும்போது வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணம் என்று நூற்றுக்கு இரண்டு, மூன்று பிடிக்கும். அதற்கு மேல் கடையில் இருக்கும் கருவி, "உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா, இந்த நாட்டுப் பணத்திலா" என்று மரியாதையாகக் கேட்கும். நம் பணத்தில் பார்த்தால் புரிகிறதே என்று அதைத் தொட்டால், அவர்கள் வைத்ததுதான் மாற்று விகிதம். எப்போதும் அந்த நாட்டுப் பணத்தையே தொடுங்கள். ஏடிஎம்மிலும் அப்படித்தான்.

தென்றல்:

பெட்டி வராமல் போனால்? எங்களுக்கு ஒரு முறை ஆயிற்று. எந்த நிறுவனம் என்பது வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:

விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே புகார்ச் சீட்டு வாங்கிவிட வேண்டும். பன்னாட்டு விமானப் பயணத்துக்கான 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி பெட்டி சேதம் என்றால் கைக்கு வந்த 7 நாளுக்குள், தாமதம் என்றால் பெட்டி வந்து சேர்ந்த 21 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதற்குள் குழந்தைக்கு வாங்கிய துணி, டயப்பர் ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

மூட்டைமுடிச்சு:

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி உட்கார்ந்து முழுதும் போட்டுப் பார்த்தோம். மகனுக்குத் திரும்பும் இருக்கை, அத்தையின் காப்பீடு, மூன்று பெட்டி, விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போக வண்டி, இவற்றைச் சேர்த்ததும் ஆறு நாள் கணக்கு உள்நாட்டுப் பத்து நாள் கணக்கைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. கணக்குப்பிள்ளை சொன்ன ஏழில் ஒரு பங்கை எடுத்து வைக்க இடமே இல்லை. வீட்டுக்காரர் "நான் அப்போதே சொன்னேன்" என்று சொல்லவில்லை, ஆனால் முகத்தில் எழுதியிருந்தது.

உள்நாடுதான். ஆனால் ஊர்சுற்றி சொன்ன கூட்டம் உண்மை என்பதால் விடுமுறையின் கடைசி வாரத்துக்குத் தள்ளியிருக்கிறோம், வாடகை கண்ணெதிரே இறங்கியது. பத்து நாளை ஏழாக்கி, ஒரே ஊரில் சமையலறையோடு வீடு. மீதத்தைத் தனியாக வைத்து, மகளுக்கு 11 முடிவதற்குள் வெளிநாடு. இளவேனில் சொன்னதை நான் மறக்கவில்லை.

இரண்டே சந்தேகம். இப்போதே பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் எடுத்து வைத்துவிடலாமா? அப்புறம், சில வீடுகளில் "நான்கு பேர்வரை" என்று போட்டிருக்கிறது. சின்னவனையும் ஓர் ஆளாக எண்ணுவார்களா?

ஊர்சுற்றி:

பாஸ்போர்ட் இப்போது வேண்டாம். ஐந்து வருடப் பாஸ்போர்ட்டில் இரண்டு வருடத்தை அலமாரியில் கழிப்பானேன்? பயணம் உறுதியானதும், ஆனால் டிக்கெட் வாங்குவதற்கு முன்பு எடுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் டிக்கெட்டில் தொல்லை.

ரயில்பெட்டி:

எண்ணுவார்களா மாட்டார்களா என்பது வீட்டுக்கு வீடு மாறும். முன்பதிவுக்கு முன்பே "மூன்று பெரியவர், ஒன்பது வயது, இரண்டு வயது" என்று எழுதிக் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்குங்கள். வாசலில் போய் நின்ற பிறகு ஐந்தாவது ஆளுக்குத் தனி என்று சொன்னால் ராத்திரி எட்டு மணிக்கு வாதாட முடியாது. தொட்டில் தருவார்களா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். மாமியாருக்குத் தரைத்தளமா, லிப்ட் இருக்கிறதா என்பதையும்.